அடுத்தவர் தளத்தில் எழுதினால் நம் தளத்துக்கு ஆள் வருமா?

கேள்வி: மாடித்தோட்டம் பற்றி இரண்டு வருடமாகத் தமிழில் ஒரு தளம் நடத்துகிறேன். நூறு கட்டுரைக்கு மேல் இருக்கிறது, ஆனால் படிப்பது பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான். மற்ற தளங்களுக்கு விருந்தினராக எழுதிக்கொடுத்தால் புது வாசகர்கள் வருவார்கள் என்கிறார்கள். பணம் கட்டினால் இருபது தளங்களில் கட்டுரை போட்டுத் தருவதாக ஒரு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலும் வந்திருக்கிறது. இதனால் பலன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பலன் உண்டு. சிறுதானியச் சமையல் பற்றி நான் எழுதும் தளத்துக்கு வழக்கமாக வருகிறவர்களில் பலர் என்னை முதலில் வேறொருவர் இடத்தில்தான் படித்தார்கள். சில வருடங்களாக ஒரு சின்ன இணைய இதழுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையும் செய்கிறேன். அதனால் எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரின் தவிப்பும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதினைந்து கட்டுரையை ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பவருக்கு எதைப் பார்த்தால் கண் நிற்கும் என்பதும் தெரியும். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த மின்னஞ்சல். பதில் போட வேண்டாம். அவர்கள் விற்பது இணைப்பு. வாசகர் அவர்கள் கையில் இல்லை. முன்பெல்லாம் நிறைய தளங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்பு இருந்தால் கூகுள் தேடலில் மேலே வரலாம் என்று நினைத்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் எழுதி ஊரெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது முற்றிப்போய், கூகுளில் ஸ்பேம் தடுப்புக் குழுவின் தலைவராக இருந்த மேட் கட்ஸ் 2014 ஜனவரியில், தேடலில் மேலே வருவதற்காக விருந்தினர் கட்டுரை எழுதுவதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். அந்த மார்ச் மாதமே இப்படிக் கட்டுரை பரிமாறிக்கொள்ள உதவிய ஒரு பெரிய வலையமைப்பின் மீது கூகுள் நடவடிக்கையும் எடுத்தது. 2017-ல் மறுபடி எச்சரித்தார்கள். 2019-ல், பணம் வாங்கிக்கொண்டு போடும் இணைப்பைத் தனியாக அடையாளப்படுத்த 'ஸ்பான்சர்டு' என்ற குறியையே கொண்டுவந்தார்கள். ஆக, காசு கொடுத்து வாங்கும் இணைப்புக்கு நேர்மையாகக் குறி போட்டால் தேடலில் பெரிதாக உதவாது, போடாவிட்டால் அது விதி மீறல். அந்த மின்னஞ்சலில் 'டிஏ 50', 'டிஏ 60' என்று எண்களும் இருந்திருக்கும். டொமைன் அத்தாரிட்டி என்கிற அந்த எண் மோஸ் என்ற நிறுவனம் தானாகக் கணக்கிட்டுச் சொல்வது, கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சந்தேகமாக இருந்தால் அவர்கள் பட்டியலில் இருக்கும் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். வீட்டுக்கடன், முடி உதிர்தல், ஜோதிடம், கிரிப்டோ எல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கும், ஒரு கட்டுரைக்குக் கீழேயும் மனிதர் பேசிய தடம் இருக்காது. அங்கே உங்கள் கத்தரிச் செடியை யார் பார்ப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது பஃபர் நிறுவனத்தின் கதையை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான லியோ விட்ரிச் தொடக்க காலத்தில் ஒன்பது மாதத்தில் ஏறத்தாழ 150 விருந்தினர் கட்டுரைகள் எழுதினார், முதல் ஒரு லட்சம் பயனர்கள் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். உண்மைதான். ஆனால் அவர் விற்றது ட்விட்டர் பதிவுகளை நேரம் வைத்து அனுப்பும் கருவி. அவர் எழுதிய தளங்களைப் படித்தவர்கள் அன்றாடம் ட்விட்டரில் இருந்தவர்கள், படித்த கையோடு ஒரு அழுத்தலில் சேர்ந்துவிடலாம். வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு எழுதுகிற உங்களால் 150 முடியாது, தேவையும் இல்லை. தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகளால் ஆள் அதிகம் வரவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். எனக்குப் பயன்பட்டது அந்தப் பகுதிதான். ஒன்றிரண்டு எழுதிவிட்டு யாரும் வரவில்லையே என்று கை விட்டுவிடாதீர்கள்.

சரி, எங்கே எழுதுவது? என் அனுபவத்தில் பாதி முடிவு இங்கேயே ஆகிவிடுகிறது. கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இடம் தவறினால் போச்சு.

உங்களுக்கு முதலில் தோன்றுவது இன்னொரு தோட்டத் தளமாகத்தான் இருக்கும். அங்கே போகவே கூடாது என்று சொல்லமாட்டேன், முதலில் போகாதீர்கள். அங்கே படிப்பவர்களுக்கு மண்கலவையும் பஞ்சகவ்யமும் தெரியும், உங்களைப் போலவே எழுதுகிற பத்துப் பேரையும் தெரியும். உங்களுக்கு வேண்டியவர் இன்னும் செடி வைக்காதவர், ஆனால் செடி வைத்தால் தீரக்கூடிய ஒரு தொல்லை ஏற்கெனவே உள்ளவர். அவர் வேறு எங்கோ, வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கிறார்.

சமையல் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக் கொத்தை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்து, நாலாம் நாள் கறுத்துப்போய்த் தூக்கிப் போடுகிறவர்கள் அங்கே நிறைந்திருக்கிறார்கள். தொட்டியில் வைத்த கறிவேப்பிலை ஏன் கிளைக்காமல் ஒற்றைக் குச்சியாக உயர்ந்துகொண்டே போகிறது என்று நீங்கள் எழுதினால் விடாமல் படிப்பார்கள். நாம் தாளிக்கும் நேரத்தில் ஓடிப்போய் நாலு இலையை மட்டும் உருவிக்கொண்டு வருகிறோம், நுனியைக் கிள்ளுவதில்லை, நுனி போனால்தான் பக்கத்தில் கிளை வெடிக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே அவர்கள் செடி மாறும். உங்கள் பெயரும் மறக்காது.

வீடு கட்டுகிறவர்களுக்கான தளம் இன்னொன்று. மாடியில் தொட்டி வைத்தால் கூரை ஒழுகுமா, எடை தாங்குமா என்பதுதான் அவர்கள் கவலை. நனைந்த தோட்டத்து மண் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 45-லிருந்து 50 கிலோ வரும் என்று தொடங்குங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். ஏன் தென்னைநார்க் கழிவைக் கலக்கிறோம், தொட்டியை ஏன் தரையில் நேராக வைக்காமல் தாங்கியின் மேல் வைக்கிறோம், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைத் தோட்டம் போடும் முன்னால் செய்துவிடுவது ஏன் நல்லது, கனமான தொட்டிகளை ஏன் மாடியின் நடுப்பகுதியை விட்டுத் தூணும் உத்தரமும் இருக்கும் பக்கமாக வைக்கச் சொல்கிறோம் என்று போகலாம். ஒரு பொறியாளரிடம் காட்டிச் சரிபார்த்து எழுதுங்கள். இந்த விஷயத்தில் ஊகமாக எதையும் சொல்லக்கூடாது. இவர்கள் இன்று வாசகர், ஆறு மாதம் கழித்துப் புது வீட்டு மாடியில் தோட்டக்காரர்.

பிள்ளை வளர்ப்பு பற்றிய தளத்துக்குச் சிறுகீரை போதும். விதைத்த மூன்று நான்கு நாளில் முளைக்கும், இருபத்தைந்து நாளில் பறிக்கலாம், ஒரு குழந்தையின் பொறுமைக்கு அதுதான் அளவு. கனடாவிலும் பிரிட்டனிலும் இருக்கும் தமிழர்களுக்கான தளங்களிலும் எழுதலாம், ஜன்னலோரத் தொட்டிக்கு அங்கே ஏங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பருவம் வேறு, நம் பட்டக் கணக்கு அங்கே செல்லாது, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

இலக்கிய இணைய இதழ்கள் நம்மிடம் நிறைய உண்டு. திண்ணை 1999-லிருந்து வருகிறது, சொல்வனம் 2009-லிருந்து. 'மாவுப்பூச்சிக்கு என்ன அடிப்பது' என்பதற்கு அங்கே இடம் இல்லை. நாட்டு விதைகள் நம் வீடுகளிலிருந்து எப்படிப் போயின என்று ஆழமாக ஒன்று எழுதினால் அப்படிப்பட்ட இதழில் பொருந்தலாம். வருகிறவர்கள் கொஞ்சம்பேராக இருப்பார்கள், ஆனால் நிற்பார்கள்.

ஒரு தளத்துக்கு எழுதலாமா என்று பார்க்க நான் செய்வது எளிது. போன இரண்டு மாதக் கட்டுரைகளைப் படிப்பேன். கீழே வாசகர்கள் கேள்வி கேட்கிறார்களா, எழுதியவர் வந்து பதில் சொல்ல இடம் கொடுக்கிறார்களா, வெளியாள் எழுதியதில் அவர் பெயரும் அவர் தளத்துக்கு இணைப்பும் கண்ணில் படும்படி இருக்கிறதா. மூன்றும் இருந்தால் சின்ன தளமாக இருந்தாலும் போதும். பெரிய தளத்தின் முகப்பில் அரை நாள் இருந்துவிட்டுக் கீழே இறங்கிப்போன கட்டுரையைவிட, முந்நூறு பேர் உட்கார்ந்து படிக்கும் சின்ன தளம் எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது.

அப்புறம் கட்டுரை. நல்லதை நம் தளத்துக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே கொடுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். விருந்துக்குப் போகிற வீட்டுக்குப் பழைய சோற்றைக் கட்டிக்கொண்டா போவோம்? உங்களை அறியாதவர் படிக்கப்போகிற ஒரே கட்டுரை அது. உங்கள் தளத்தில் எழுத வைத்திருந்ததிலேயே சிறந்ததை எடுத்துக் கொடுங்கள். மனசு கேட்காது, பரவாயில்லை, கொடுங்கள்.

முதல் பத்தியில் உங்களைப் பற்றியோ உங்கள் தளத்தைப் பற்றியோ ஒரு வரியும் வேண்டாம். நேராகக் கறுத்துப்போன கறிவேப்பிலைக்கு வாருங்கள். நடுவில் ஓரிடத்தில், வாசகருக்கே 'இதை இன்னும் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்குமே' என்று தோன்றும் இடத்தில், உங்கள் தளத்தின் அந்தக் குறிப்பிட்ட பக்கத்துக்கு ஒரு இணைப்பு வைக்கலாம். முகப்புப் பக்கத்துக்கு வைக்காதீர்கள், அங்கே இறங்கியவர் எங்கே போவது என்று தெரியாமல் திரும்பிவிடுவார். கடைசியில் ஆசிரியர் குறிப்பு இரண்டு வரி. அதில் பட்டம், பதவி, வாங்கிய பரிசு எல்லாம் அடுக்க வேண்டாம். 'திருப்பூரில் 400 சதுர அடி மொட்டைமாடியில் வீட்டுக்கு வேண்டிய கீரை முழுவதையும் விளைவிக்கிறார்' என்பது போல, செய்வதைச் சொல்லும் ஒரு வரி போதும்.

காய்கறிப் பெயரில் கவனம் வையுங்கள், பலர் இதை நினைத்தே பார்ப்பதில்லை. ஒருவருக்குப் பரங்கிக்காய், கொங்குப் பக்கம் அரசாணிக்காய், இன்னொருவருக்கு மஞ்சள் பூசணி. மரவள்ளி ஒரு ஊரில் குச்சிக்கிழங்கு, இன்னொரு ஊரில் ஏழிலைக்கிழங்கு. உங்கள் ஊர் வாசகருக்கு மட்டும் எழுதும்போது பிரச்சினை இல்லை, வெளித்தளத்தில் எல்லா ஊர்க்காரரும் இருப்பார்கள். முதல்முறை வரும்போது இரண்டு மூன்று பெயரையும் சொல்லிவிட்டால் எல்லாரும் தங்கள் செடியாக நினைத்துப் படிப்பார்கள், தேடுகிறவர் எந்தப் பெயரில் தேடினாலும் கட்டுரை கிடைக்கவும் வாய்ப்பு கூடும்.

படங்கள் உங்கள் மாடியில் எடுத்தவையாக இருக்கட்டும். இலை ஓட்டையாகிப்போன படம்கூடப் பரவாயில்லை, இணையத்தில் எடுத்த பளபளப்பான படத்தைவிட அதைத்தான் நம்புவார்கள். கட்டுரைக்குள் ஒட்டாமல் தனிக் கோப்பாக இணையுங்கள். எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். இன்றும் பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரைகள் எங்களுக்கு வருகின்றன, மாற்றினால் பாதி எழுத்து உடைந்துவிடுகிறது. ஒற்றுப்பிழை இருந்தால் நாங்கள் திருத்திக்கொள்வோம். வரிக்கு வரி இருந்தால் படிக்கிற ஆர்வம் போய்விடும், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

கட்டுரையை எழுதி முடிப்பதற்கு முன்பே ஆசிரியருக்குச் சிறிய கடிதம் ஒன்று எழுதிக் கேட்டுவிடுங்கள். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் நான் உடனே பதில் போடுவேன்:

'வணக்கம். உங்கள் தளத்தில் சென்ற மாதம் வந்த ரசம் வகைகள் கட்டுரையின் கீழே இரண்டு பேர் வீட்டில் கறிவேப்பிலை சரியாக வளர்வதில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் ஆறு வருடமாகத் தொட்டியில் வளர்க்கிறேன். செடி குச்சியாகப் போவது ஏன், கிளைக்க வைப்பது எப்படி என்று ஏறத்தாழ 900 சொற்களில், நான் எடுத்த ஐந்து படங்களோடு எழுதித்தர விரும்புகிறேன். வேறெங்கும் வெளியாகாததாக இருக்கும். என் எழுத்து எப்படி இருக்கும் என்று பார்க்க இரண்டு கட்டுரைகளின் இணைப்பு கீழே.'

அவ்வளவுதான். இதில் அவர்கள் தளத்தைப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது, அவர்கள் வாசகருக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரிகிறது. 'தங்கள் மேலான தளத்தில் எழுத வாய்ப்புத் தந்தால் மகிழ்வேன், எந்தத் தலைப்பு கொடுத்தாலும் எழுதுவேன்' என்று வரும் கடிதத்துக்கு எனக்கு என்ன பதில் எழுதுவது என்றே தெரிவதில்லை. தலைப்பு யோசிக்கும் வேலையும் என் தலையில் வந்து விழுகிறது.

இரண்டு வாரம் காத்திருங்கள், ஒருமுறை நினைவூட்டுங்கள், அதன்பிறகும் பதில் இல்லையென்றால் 'வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த தளத்துக்குப் போங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பவே கூடாது. நாங்கள் ஒரு கட்டுரையைத் திருத்தி, ஓவியம் வரையச் சொல்லி, வெளியிடப்போகிற அன்று காலையில் அது இன்னொரு தளத்தில் வந்திருப்பதைப் பார்த்தோம். ஓவியம் வரைந்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். பல இதழ்கள் ஃபேஸ்புக்கில் போட்டதையும் வெளியானதாகவே கணக்கு வைக்கும், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னும் சில உண்டு. நான் கேட்காமல் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய தளத்துக்கு வரகு பற்றி எழுதிக்கொடுத்தேன். வெளியானபோது தலைப்பு மாறியிருந்தது, வரகு சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஒரே மாதத்தில் போய்விடும் என்ற பொருளில். கட்டுரையில் நான் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. ஆசிரியர் குறிப்பையும் எடுத்துவிட்டார்கள். ஒரு மருத்துவர் கோபமாக எனக்கு எழுதினார், அவர் கோபம் நியாயமானது, என் பெயர்தானே மேலே இருந்தது. தலைப்பைத் திருத்த வைப்பதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. அன்றிலிருந்து தலைப்பை மாற்றினால் வெளியிடும் முன் காட்டுவீர்களா, ஆசிரியர் குறிப்பும் இணைப்பும் இருக்குமா, பிறகு எப்போதாவது என் தளத்தில் இதை நான் போட்டுக்கொள்ளலாமா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டுவிடுகிறேன். நல்ல ஆசிரியர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

அனுமதி கொடுத்தாலும் அதே கட்டுரையை உங்கள் தளத்தில் அப்படியே போட அவசரப்படாதீர்கள். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் தேடலில் பெரும்பாலும் ஒன்றுதான் காட்டப்படும், பெரும்பாலும் அது பெரிய தளத்தில் இருப்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியை உங்கள் தளத்தில் எழுதி வையுங்கள். சமையல் தளத்தில் கறிவேப்பிலை வருகிற அன்று, உங்கள் தளத்தில் 'அடுப்படிக்குத் தேவையான ஐந்து தொட்டிகள்' என்று ஒரு பக்கம் தயாராக இருக்கட்டும். கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், இஞ்சி. இணைப்பு அங்கே வந்து சேரட்டும். அந்தப் பக்கம் கைபேசியில் சட்டென்று திறக்கிறதா என்று பாருங்கள், முடிவில் மின்னஞ்சல் பட்டியலிலோ வாட்ஸ்அப் சேனலிலோ சேர ஒரு இடம் வையுங்கள். இது இல்லாமல் வெளியே எழுதுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. வந்தவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள், மறுபடி வர வழி தெரியாமல் போய்விடுவார்கள்.

இணைப்பின் கடைசியில் யூடிஎம் குறியை, அதாவது எந்தத் தளத்துக்குக் கொடுத்த இணைப்பு என்று காட்டும் சில சொற்களை, சேர்த்துவிட்டால் யார் எந்தத் தளத்திலிருந்து வந்தார்கள் என்பது தனியாகத் தெரியும். முதல் நாள் எண்ணிக்கையைப் பார்த்து மகிழவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். ஒரு மாதம் கழித்து, அங்கிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் பட்டியலில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கேள்வி கேட்டு எழுதினார்கள் என்று பாருங்கள். ஆயிரம் பேர் வந்து இருவர் தங்கிய இடத்தைவிட, அறுபது பேர் வந்து பன்னிரண்டு பேர் தங்கிய இடத்துக்குத்தான் நான் இரண்டாவது கட்டுரை எழுதுவேன். வெளியான முதல் மூன்று நாள் அங்கேயே இருந்து வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். என்னிடம் நிலைத்த வாசகர்களில் பலர் கட்டுரையைப் படித்ததற்காக வந்தவர்கள் இல்லை, தாங்கள் கேட்டதற்கு நான் பொறுமையாகப் பதில் எழுதியதற்காக வந்தவர்கள்.

கொடுப்பது ஒருவழியாக இருக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் வலைப்பதிவுகள் தழைத்த காலத்தில் நமக்குள் இதற்கு அழகான வழக்கம் இருந்தது. பலருடைய வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய, காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணத்தில் வாரம் ஒருவரை நட்சத்திரமாக முன்னிறுத்துவார்கள். வலைச்சரம் என்ற கூட்டு வலைப்பதிவில் வாரத்துக்கு ஒருவர் ஆசிரியராக வந்து, தான் படித்த மற்றவர்களின் பதிவுகளை அறிமுகம் செய்வார். புதிதாக எழுத வந்தவருக்கு அந்த அறிமுகம் எவ்வளவு பெரியது என்பது அந்தக் காலத்தில் எழுதியவர்களுக்குத் தெரியும். நீங்களும் உங்கள் தளத்தில் மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். வீடு கட்டுகிற தளத்துக்காரர் வந்து நீர்க்கசிவு பற்றி எழுதட்டும், சமையல் தளத்துக்காரர் உங்கள் கீரையில் ஒரு கடைசல் சொல்லட்டும். அவர் வாசகர்களும் கூடவே வருவார்கள்.

வேகம், மாதத்துக்கு ஒன்று போதும். அதற்கு மேல் போனால் உங்கள் தளம் காயும், வந்து பார்ப்பவருக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதல் கட்டுரையாகக் கறிவேப்பிலையை வையுங்கள். ஆடி பிறந்தால்தான் செடி வைக்காதவருக்கும் விதை ஞாபகம் வருகிறது, ஜூலை நடுவில் எல்லாரும் இதைத் தேடத் தொடங்குவார்கள், அப்போது கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் படிக்கவும் திருத்தவும் மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் கடிதம் மே கடைசி வாரத்தில் போக வேண்டும், கட்டுரை ஜூன் பத்துக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். செடியின் நுனியை இந்த வாரமே கிள்ளிவிட்டுப் படம் எடுத்து வையுங்கள், பக்கக் கிளை வெடித்ததும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். அந்த இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எந்த ஆசிரியரும் கட்டுரையைத் திருப்பி அனுப்பமாட்டார் என்றே நினைக்கிறேன்.